மறுபடியும் கேட்ட குழம்பு

அத்தியாயம் 9

கோமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று நவமணி மூச்சு விட்டதோடு போன வாரம் விட்டிருந்தோம். அந்த நிம்மதி சனிக்கிழமை காலை வரைதான் தாங்கியது. அடுக்களையைக் கூட்டுவதற்காகத் தண்ணீர்ப் பானையை நகர்த்தினாள். பின்னால், சுவரோரமாக, முந்தின நாள் பாகற்காய்ப் பொரியல் அப்படியே கிடந்தது.

யார் வேலை என்று விசாரிக்க வேண்டியதில்லை. பானைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு அந்த வீட்டில் மெலிந்தவள் கோமதி ஒருத்திதான்.

"எலி கொண்டாந்து வச்சிருக்கும்மா" என்றாள் கோமதி, கேட்பதற்கு முன்பே.

"எலிகூடத் திங்கலை பாரு" என்றாள் நவமணி. சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அழாமல் என்ன செய்வாள்? ஆறு வயதுப் பிள்ளை காய்ச்சலில் படுத்து எழுந்து ஒரு வருஷமாகியும், தோளெலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. காய்கறியும் கீரையும் தாராளமாகக் கொடுங்கள் என்று சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். கொடுப்பது நவமணி கையில் இருக்கிறது. விழுங்குவது கோமதி வாயில் அல்லவா இருக்கிறது!

பிள்ளை ஒரு பக்கம் என்றால், பிள்ளையைப் பெற்றவன் இன்னொரு பக்கம்.

கார்த்திகேசு துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. நல்லவன்தான். கெட்ட பழக்கம் என்று ஊரில் சொல்கிற எதுவும் இல்லை. ஆனால் இலையில் கறியோ மீனோ இல்லாவிட்டால் அது அவனுக்குச் சாப்பாடே இல்லை. அப்படிப்பட்டவன், கோமதி முதல் காய்ச்சலில் கிடந்தபோது, தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். காய்ச்சல் இறங்கியது. போன வருஷம் காப்புக் கட்டி விரதமும் இருந்தான். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, படகுத்துறையில் பக்கத்து வீட்டு இஸ்மாயில் தோள்கம்பில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கூடைகளோடு எதிரே வந்தான். வாசம் ஆளை இழுத்துவிட்டது. ஒரு தட்டுச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்போடு.

அதே வாரம் கோமதிக்குக் காய்ச்சல் திரும்பியது. இந்த முறை பிள்ளை பிழைக்குமா என்றே ஆகிவிட்டது. கார்த்திகேசு ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டுச் சோற்றுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்ற வயிறு அதைக் கேட்குமா?

இந்த வருஷம் மறுபடியும் காப்புக் கட்டியிருக்கிறான். இஸ்மாயிலும் பாவம், இவன் தலை தெரிந்தாலே கூடைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடிவிடுகிறான்.

இந்த முறை விரதம் முழுசாக முடிய வேண்டும். நவமணிக்கு இந்தத் தை மாதத்தில் வேறு ஆசை எதுவும் கிடையாது.

ஆனால் பகலில் ஒரே வேளைதான் சாப்பாடு. அந்த ஒரு வேளையிலும் கார்த்திகேசு இலையைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டு, இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். நேற்று கிட்டங்கியில் தலை சுற்றி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டானாம். பசித்த மனுஷன் எத்தனை நாள் கடைத்தெருவைப் பார்க்காமல் நடப்பான்?

பாகற்காயை அள்ளிக்கொண்டு நவமணி கொல்லைக்குப் போனாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் இஸ்மாயிலின் மனைவி மஹ்பூபா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, மொகம் வாடிக் கெடக்கு?"

"யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்கக்கா. அவுங்க ரெண்டு வாயோட எந்திரிச்சிடுறாங்க. இவ பானைக்குப் பின்னால கொட்டுறா."

"என்ன ஆக்குன?"

"பாகக்கா. முந்தாநாளு பூசணிக்கா. அதுக்கு முன்னாடி முருங்கக்கீரை."

"எப்படி ஆக்குன?"

"எப்படின்னா? வேகவச்சு, உப்புப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி."

மஹ்பூபா சட்டியைக் கீழே வைத்தாள். "அது சீக்காளிக்குக் கொடுக்குறது லா! ஆட்டுக்கறி எடுத்தா என்ன செய்வ? மல்லி வறுப்ப, சோம்பு வறுப்ப, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் வறுப்ப. தேங்காயைச் செவக்க விட்டு அம்மியில மையா அரைப்ப. அடுப்பை விட்டு நகர மாட்ட. காய்க்கு மட்டும் உப்புத் தண்ணியா? கறிக்கு ருசி கறியிலயா இருக்கு? நீ அதுக்குப் படுற பாட்டுல இருக்கு."

"விரதமாச்சேக்கா. மசாலா போட்டா..."

"உங்க சட்டம் எனக்குத் தெரியாதும்மா. உங்க முருகன் சோம்பு வேணாம்னு சொல்லியிருக்காரா? கேட்டுப் பாரு."

நவமணி யோசித்தாள். கறி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. வெங்காயமும் பூண்டும் கூடாது என்று கூடவே இருக்கிற நாத்தனார் வடிவம்மாள் தன் பங்குக்குச் சேர்த்திருந்தாள். சோம்பைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. விரதச் சாப்பாடு என்றால் வெளுத்துப்போய்த்தான் இருக்க வேண்டும் என்று இவளாக நினைத்துக்கொண்டது அவ்வளவும்.

"பாசாருக்குப் போ. ரொஸ்னா பிஞ்சுப் பலாக்கா கொண்டாந்திருப்பா" என்றாள் மஹ்பூபா. "அதுதான் மசாலாவை நல்லா இழுக்கும்."

சௌராஸ்தா பாசாரில் காய்கறி விற்கிற ரொஸ்னாவிடம் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவில் ஒரு பிஞ்சுப் பலா கிடைத்தது. வெட்டித் தரட்டுமா என்று அவள் கத்தியை எடுத்தாள். நவமணி வேண்டாம் என்று தலையாட்டி முழுசாகவே கூடையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கத்தி காலையிலிருந்து எதை எதை வெட்டியதோ? இந்த வருஷம் அவள் எதிலும் கோட்டை விடுவதாக இல்லை.

வீட்டுக்கு வந்து கையிலும் அருவாமனையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு காயை அரிந்தாள். அப்படியும் பலாப்பால் விரலில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது. பாதிக் காயை நாளைக்கென்று மஞ்சள் தடவி வைத்தாள். மீதியை நடுத்தண்டோடு பெரிய துண்டங்களாக வேகவைத்தாள். மல்லி, மிளகாய், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. தேங்காய் சிவக்கிற வரை அகப்பையை விடவில்லை. தன் வீட்டு அம்மியில் தன் கையால் அரைத்தாள். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை.

பயற்றங்காயைப் பொடியாக நறுக்கி, வறுத்த கடலையை இடித்துப் போட்டுப் புரட்டினாள். கடலைத் தோலை ஊதி எடுக்கிற வேலை கோமதிக்கு. ஊதியவள் பாதிக் கடலையை அங்கேயே தின்றுவிட்டாள் என்றாலும், தட்டில் வைத்த பயற்றங்காயையும் மிச்சம் வைக்கவில்லை.

"எலிக்கு வேணாமா?" என்றாள் நவமணி.

"எலிக்கு வயிறு நெறஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, பலாக்காயிலும் மூன்று துண்டு தின்று, பிள்ளை பாயில் சுருண்டு தூங்கிப்போனது.

நவமணிக்கு அடுப்பையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை கிட்டங்கி அரைநாள். கார்த்திகேசு வந்தான், குளித்தான், திருநீறு பூசினான், முருகன் படத்தின் முன் நின்றான். கூடத்தில் காலெடுத்து வைத்தவன் மூக்கு ஒரு முறை விரிந்தது. பிறகு இலைமுன் உட்கார்ந்தான்.

நவமணி சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, துண்டங்களை எடுத்து வைத்தாள். என்ன சொல்லப் போகிறானோ என்று அகப்பையோடு நின்றாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டத்தைப் பிய்த்தான். நார் நாராக வந்தது. வாயில் வைத்தான். கண்ணை மூடினான். அப்புறம் தலை நிமிரவேயில்லை. நடுத்தண்டை எடுத்து இரண்டு பக்கமும் சப்பினான்.

"நல்லா இருக்கா?" என்றாள் நவமணி.

"மெதுவாப் பேசு."

கோமதி தூங்குகிறாள் என்று சொல்கிறான் போலும். எத்தனை பொறுப்பு! நவமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்து."

ஊற்றினாள். அதுவும் போனது. இலையை அவள் பக்கம் லேசாகத் தள்ளினான். மறுபடியும் ஊற்றினாள். அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"அக்கா எப்ப வருவாங்க?"

"கோயில்லேருந்து வர்ற நேரந்தான். அவுங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

கார்த்திகேசுவுக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை நவமணிக்கு விளங்கவில்லை. குழம்பு தீர்ந்துவிடும் என்று கவலைப்படுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷிக்கு எதுவும் விகல்பமாகத் தோன்றுவதில்லை.

அப்போதுதான் வடிவம்மாள் வாசற்படி ஏறினாள்.

வடிவம்மாள் கார்த்திகேசுவின் அக்கா. புருஷனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். தம்பியின் விரதத்தைத் தம்பியைவிட இவள்தான் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில் பிரசாதத்தோடு வந்தவள் நடையிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன வாடை இது?"

இலையைப் பார்த்தாள். சிவந்த குழம்பைப் பார்த்தாள். சப்பிப் போட்டிருந்த தண்டைப் பார்த்தாள். பிரசாதம் கையிலிருந்து நழுவியது.

"அடப்பாவி! கறியா?"

நவமணி வாய் திறப்பதற்குள் கார்த்திகேசு எச்சில் கையோடு துள்ளி எழுந்தான்.

"நான் என்னக்கா செய்யட்டும்? அவதான் போட்டா. நான் கேக்கவே இல்ல. எலையில வந்து விழுந்துச்சு, சாப்பிட்டேன். எல்லாம் அவ செஞ்ச வேலை."

நவமணி கையில் அகப்பை அப்படியே நின்றது. அதிலிருந்து குழம்பு அவள் பாதத்தில் சொட்டியது. சுட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அது பலாக்கா" என்றாள்.



வடிவம்மாள் சட்டியருகே வந்து ஒரு துண்டத்தை எடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிய்த்துப் பார்த்தாள். பிஞ்சு விதை ஒன்று வெள்ளையாக வெளியே வந்தது.

"பலாக்காதான்" என்றாள். அடுத்த கணமே கை இரண்டையும் தலைக்கு மேல் குவித்தாள். "முருகா! காப்பாத்திட்டப்பா!"

கார்த்திகேசுவுக்கும் உயிர் வந்தது. "அதானே! நான் அப்பவே நெனச்சேன், பலாக்காதான்னு."

"எப்பவே?" என்றாள் நவமணி.

குரல் உயரவில்லை. ஆனால் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாகக்கா போட்டா, இது என்னன்னு கேட்டீங்க. பூசணிக்காயைக் கேட்டீங்க. முருங்கக்கீரை, பாத்தாலே தெரியும், அதையும் கேட்டீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் கேக்கலை?"

அவன் இலையைப் பார்த்தான்.

"கேட்டா நான் சொல்லிருவேன்னுதானே?"

"நவமணி, விடுடி" என்றாள் வடிவம்மாள். நெற்றியில் திருநீற்றை அழிய விடாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்கே முகம் சுளிக்கிறவள் இப்போது தம்பிக்கு வக்கீலாகிவிட்டாள். "வயித்துக்குள்ள போனது காய்தானே? விரதம் எங்க போச்சு?"

"வயித்துக்குள்ள காய்தான் போச்சு மதினி. மனசு கறியைத்தானே தின்னுச்சு? மறுபடி வேற கேட்டுச்சு."

"அதெல்லாம் மனசுக்குள்ள. வெளிய தெரியவா போவுது?"

"சரி, அது முருகனுக்கும் அவுங்களுக்கும் உள்ள வழக்கு." நவமணி புருஷன் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் கறி போடுவேன்னு எப்படி நெனச்சீங்க? போன வருஷம் அந்தப் புள்ள கிடந்த கிடையைப் பாத்துட்டு, அது உசிரைத் தூக்கி உங்க எலையில வைப்பேன்னா நெனச்சீங்க? வச்சா, வாங்கித் திங்கவும் செய்வீங்களா?"

கார்த்திகேசுவின் எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. அவன் பின்பக்கம் போய்க் குழாயடியில் கையைக் கழுவினான். கழுவி முடித்தும் உள்ளே வரவில்லை.

நவமணி இலையை எடுத்தாள், தரையைத் துடைத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்திய மனுஷன் தன்னைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறானா என்பதே அவளை அறுத்தது. கறி ஆசைகூடப் பெரிதில்லை. நாக்கு யாருக்குத்தான் இல்லை?

கூடத்தில் வடிவம்மாள் கனைத்தாள்.

"காலையிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படலை எனக்கு."

நவமணி பேசாமல் இலை போட்டாள்.

"பலாக்காதானே?"

"பலாக்கா."

"நம்ம அம்மிதானே?"

"நம்ம அம்மி."

"வெங்காயம்?"

"இல்ல மதினி."

வடிவம்மாள் பயந்து பயந்து ஒரு துண்டத்தை வாயில் வைத்தாள். மென்றாள். நவமணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அன்னாசிப்பூவை ஒண்ணு கொறைச்சிருக்கலாம்" என்றாள். சொல்லிக்கொண்டே சோற்றில் குழி பண்ணி, இன்னும் ஊற்று என்று காட்டினாள். வேறு நாளாக இருந்தால் நவமணி சிரித்திருப்பாள்.

அப்போது கார்த்திகேசு உள்ளே வந்தான். நேராக அக்காவின் எதிரே வந்து நின்றான்.

"அக்கா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் கறின்னு நெனச்சுத்தான் சாப்பிட்டேன். கூடத்துல கால் வச்சதுமே நெனச்சேன். நான் படுற பாட்டைப் பாத்து மனசு எளகி, ஒரு நாளைக்கு ஆக்கிட்டா, பேசாம தின்னுருவோம்னு உட்காந்தேன். நீங்க வந்ததும் அவளைக் காட்டிக் குடுத்தேன்."

"வாயை மூடுடா!" வடிவம்மாள் பதறிப்போய் முருகன் படத்தைப் பார்த்தாள். "அவர் காதுல விழப்போவுது!"

"அவருக்கு முன்னமே தெரியும்க்கா."

வடிவம்மாள் இலையை மடித்து எழுந்தாள். கையைக் கழுவினாள். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கக்கா?"

"குருக்களைப் பாக்க. பொதுவாக் கேக்கறேன். இப்படி ஒருத்தன் மனசால தின்னா விரதம் உண்டா இல்லையான்னு. பேரு சொல்ல மாட்டேன்." படியிறங்கிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் வடிவம்மாளுக்கு ஒரே ஒரு தம்பிதான் என்பதும், அது குருக்களுக்கும் தெரியும் என்பதும் அவள் நினைவுக்கு வந்ததோ என்னவோ.

வீட்டில் சத்தம் அடங்கியது. கோமதி பாயில் புரண்டு படுத்தாள். நவமணி அருகே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கார்த்திகேசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சூடு இருக்கா?"

"இல்ல."

அவன் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தான். வலது கையை அவள் பக்கம் நீட்டினான். மணிக்கட்டில் காப்பு, மஞ்சள் மங்கிய கயிறு, இறுகிக் கிடந்தது.

"அவிழ்த்துரு நவமணி. காவடி எடுக்க எனக்கு யோக்கியதை இல்ல. ரெண்டாவது தடவை. அக்கா போய்க் கேட்டுட்டு வந்து சொல்றதுக்கு முன்னால நீயே அவிழ்த்துரு. உன்கிட்டதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன்."

நவமணி அந்தக் கையைப் பார்த்தாள். அவிழ்த்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அத்தனை கோபம். ஆனால் அந்தக் கயிறு அவனுக்காகக் கட்டியது இல்லையே.

எழுந்து போய் மஞ்சள் தடவி வைத்திருந்த பாதிப் பலாக்காயைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். அருவாமனையையும் நகர்த்தி வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, நீட்டிய கையில் சாய்த்தாள். எண்ணெய் விரலிடுக்கில் இறங்கிக் காப்பு வரை ஓடியது.

"நல்லாத் தடவிக்குங்க. பால் ஒட்டும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன இது?"

"நாளைக்கு உங்க எலையில விழப்போறது. நீங்களே அரிஞ்சா, கறின்னு நெனைக்க முடியாதுல்ல."

கார்த்திகேசு அருவாமனையில் காலை வைத்து உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து ஒரு காய் அரிந்தவன் இல்லை. முதல் துண்டு கோணலாக விழுந்தது. பால் விரலில் பிசுபிசுத்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"என்னை மன்னிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா வந்து, விரதம் போச்சுன்னு குருக்கள் சொன்னாருன்னு சொன்னா?"

நவமணி தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"போனாலும் இருந்தாலும் கோமதிக்கு நாளைக்குச் சாப்பாடு வேணும்" என்றாள். "இன்னைக்கு மூணு துண்டு தின்னிருக்கா. சின்னச் சின்னதா அரிங்க."